அரிய பெயர்களும் மரபணுச் சாட்சியும்

அயர்லாந்தின் கறுப்பு பீரால் உலகெங்கும் அறியப்பட்ட கின்னஸ் குடும்பத்தார், தாங்கள் மெகென்னிஸ் என்ற சிற்றரசர் குடியில் வந்தவர்கள் என்று இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நம்பிவந்தார்கள். தீவின் வடகிழக்கே, டவுன் கவுண்டியில், ஐவா என்ற நாட்டை இடைக்காலத்தில் ஆண்டவர்கள் அந்த மெகென்னிஸ்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் பக்கம் நின்று தோற்று, நிலத்தையும் பட்டத்தையும் இழந்தார்கள். 1759 டிசம்பர் 31 அன்று டப்ளினின் செயின்ட் ஜேம்ஸ் கேட் ஆலையை ஆண்டுக்கு 45 பவுன் வாடகையில் 9,000 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்த ஆர்தர் கின்னஸ், அவர்களுடைய குலச்சின்னத்தையே தம் சின்னமாக வைத்துக்கொண்டார். அவருடைய கொள்ளுப்பேரன் எட்வர்ட் செசில் கின்னஸ் 1891இல் பிரபு பட்டம் பெற்றபோது, அதற்குத் தேர்ந்துகொண்ட பெயரும் ஐவாதான். ஆனால் ஆர்தரின் தந்தை ரிச்சர்ட், கில்டேர் கவுண்டியின் செல்பிரிட்ஜ் ஊரில் ஆர்தர் பிரைஸ் என்ற மதகுருவின் பண்ணையை மேற்பார்த்தவர். அவருக்கு முந்தைய தலைமுறைகளை ஐவாவின் தலைவர்களோடு சேர்க்க உறுதியான ஏடு இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் மரபணுச் சோதனை நடந்தது. கின்னஸ் ஆண்வழி மெகென்னிஸ்களோடு பொருந்தவில்லை. அதே டவுன் கவுண்டியில் அவர்களுக்கு அண்டையில் வாழ்ந்த மெக்கார்ட்டன் என்ற இன்னொரு குடியோடு பொருந்தியது. குடும்பத்தைச் சேர்ந்த பாட்ரிக் கின்னஸ் 2008இல் வெளியிட்ட ஆர்தரின் வரலாற்று நூலில் இந்த முடிவை ஏற்று எழுதினார்.

இத்தோடு நின்றிருந்தால் இது ஓர் ஆய்வகத் தகவல் மட்டுமே. இதை வரலாறாக்குவது நிலம். மெக்கார்ட்டன்களின் பழைய ஆட்சிப்பகுதியில், பாலினஹின்ச் ஊருக்கு அருகே, கின்னஸ் என்றே ஒரு சிற்றிடம் இருக்கிறது. அயர்லாந்தின் நாட்டுப்புறம் 60,000க்கும் மேற்பட்ட 'டவுன்லேண்ட்' என்ற சிறு நிலப்பிரிவுகளாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. அப்படி ஒன்றில் வாழ்ந்த மெக்கார்ட்டன் குடும்பம் தெற்கே குடிபெயர்ந்தபோது ஊர்ப்பெயரால் அறியப்பட்டிருக்கலாம். பின்னாளில் ஒலி ஒற்றுமையைக் கண்டு, மேலும் புகழ்பெற்ற மெகென்னிஸ் பெயரோடு அதை இணைத்திருக்கலாம். ஆய்வகத்துக்கு வரைபடம் தெரியாது, வரைபடத்துக்கு ஆய்வகம் தெரியாது. ஒன்றையொன்று அறியாத இரண்டு சாட்சிகள் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. அரிய அயர்லாந்துப் பெயர்களின் தோற்றத்தைத் தேடுவோர் மரபணுவை இப்படித்தான் பயன்படுத்த வேண்டும் என்பது என் வாதம். இந்த வகை மரபணுச் சோதனை ஓர் ஆண்வழியைப் பற்றி மட்டும் பேசுகிறது. பெயரோ நிலம், தலைவன், அச்சம், ஆசை என எத்தனையோ காரணங்களால் ஒருவரை வந்தடைவது. இரண்டும் பொருந்தினால் பழைய கதை உறுதிப்படுகிறது. பொருந்தாதபோது ஏடுகள் சொல்லாமல் விட்ட ஒன்று வெளிப்படுகிறது. வரலாற்றாசிரியருக்கு இதுவே பெரிய லாபம்.

ஏடுகளை மட்டும் நம்பினால் என்ன குறை என்று கேட்கலாம். அயர்லாந்தில் அந்தக் கேள்விக்கு ஒரு தேதியே விடையாக இருக்கிறது: 1922 ஜூன் 30. உள்நாட்டுப் போரின் தொடக்க நாட்களில் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் நிகழ்ந்த வெடிப்பிலும் தீயிலும் பொது ஆவணக் காப்பகம் அழிந்தது. ஏழு நூற்றாண்டுகளின் பதிவுகள் சாம்பலாயின. 1821 முதல் 1851 வரையான மக்கள்தொகைக் கணக்குகளில் சில துண்டுகளே மிஞ்சின. 1861 முதல் 1891 வரையானவற்றை அரசே முன்னதாக அழித்துவிட்டிருந்தது. அதனால் நாடு முழுவதற்கும் முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய கணக்கு 1901ஆம் ஆண்டினுடையது. அதற்கு முன்னே போக, 1847க்கும் 1864க்கும் இடையில் வரி விதிப்புக்காக எடுக்கப்பட்ட கிரிஃபித் மதிப்பீடும், 1820களிலும் 30களிலும் எழுதப்பட்ட தசமபாகப் புத்தகங்களும் உண்டு. அவையும் நிலம் வைத்திருந்தவரின் பெயரைச் சொல்லுமே தவிர, அவர் யார் மகன் என்று சொல்லா. கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள் பல ஊர்களில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஆரம்பமாகின்றன. 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மடிந்து, அதற்கும் அதிகமானோர் கப்பலேறினார்கள். பெரிய குடிகளுக்காவது ஆண்டுக்குறிப்புகளும், துவால்டாக் மாக் ஃபிர்பிஷி 1650 வாக்கில் தொகுத்த பெரும் வம்சாவளி நூலும் உண்டு. ஒரு மலைச்சரிவில் நாலைந்து வீடுகளில் மட்டும் வாழ்ந்த குடும்பத்தின் பெயரை எந்தப் புலவரும் எழுதி வைக்கவில்லை. எழுதப்பட்ட வம்சாவளிகளிலும் அடங்கிப்போன குடிகளை ஆளும் குடியின் கிளையாக ஒட்டிவைக்கும் பழக்கம் இருந்தது.

ஏடு நின்றுவிடும் இந்த இடத்தில்தான் மரபணு கைகொடுக்கிறது. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு ஏறத்தாழ மாறாமல் போகிறது. அயர்லாந்தில் பரம்பரைப் பெயரும் தந்தையிடமிருந்தே வருகிறது. அங்கே அந்த வழக்கம் ஐரோப்பாவிலேயே மிகப் பழையவற்றுள் ஒன்று. ஓ கிளெரி என்ற பெயர் 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆண்டுக்குறிப்புகளில் இடம்பெற்றுவிட்டது. ஆகவே பெயரும் குரோமோசோமும் ஆயிரம் ஆண்டுகள் ஒரே பாதையில் நடந்திருக்க வாய்ப்புண்டு. சோதனைக் கூடங்கள் இரண்டு வகை மாற்றங்களைப் பார்க்கின்றன. குறியிடங்களில் திரும்பத் திரும்ப வரும் சிறு தொடர்களின் எண்ணிக்கையை 37 அல்லது 111 இடங்களில் ஒப்பிடுவது ஒன்று. தலைமுறை வழியில் எப்போதோ நிகழ்ந்து பிறகு நிலைத்துவிட்ட ஒற்றை எழுத்துப் பிழைகளைக் கொண்டு கிளைகளைப் பிரிப்பது மற்றொன்று. முன்னது உறவின் நெருக்கத்தை மதிப்பிட உதவும், பின்னது கிளையின் இடத்தைச் சொல்லும். அரிய பெயர்களில்தான் இந்த முறைக்கு வலு அதிகம். பிரிட்டனில் டூரி கிங்கும் மார்க் ஜாப்ளிங்கும் பிறரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பெயர் கொண்ட 150 இணை ஆண்களை ஒப்பிட்டபோது, 24 விழுக்காட்டு இணைகளில் பொது மூதாதைக்கு அடையாளம் கிடைத்தது. குறைவாக வழங்கும் பெயர்களை மட்டும் எடுத்தால் அது பாதியை நெருங்கியது. அதே ஆண்டில் பிரையன் மெக்கவாயும் டேனியல் பிராட்லியும் 43 அயர்லாந்துப் பெயர்களைச் சேர்ந்த 1,125 ஆண்களை ஆராய்ந்து, சில பெயர்கள் ஒரே முன்னோரிடம் குவிவதையும் வேறு சில பலரிடம் சிதறுவதையும் காட்டினார்கள். மர்ஃபி என்ற பெயரில் பலப்பல தொடக்கங்கள் கலந்திருக்கும்; சிறு பெயருக்கு ஓரிரு தொடக்கங்களே இருக்க முடியும்.

இங்கே அயர்லாந்துக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். ஆங்கில ஆட்சியில் கேலிக் பெயர்கள் ஆங்கில எழுத்தர்களின் காதுக்கு எட்டியபடி எழுதப்பட்டன, முன்னொட்டுகள் உதிர்ந்தன, சில மொழிபெயர்க்கப்பட்டு ஸ்மித் என்றும் கிங் என்றும் ஆயின. முதல் தலைமைக் குலச்சின்ன அலுவலராக இருந்த எட்வர்ட் மக்லைசாட், சிறு பெயர்களைப் பெரும் பெயர்கள் விழுங்கியதைப் பதிவு செய்திருக்கிறார்: சுலஹன் என்பார் சல்லிவன் ஆனார்கள், கார்மிகன் என்பார் மெக்கார்மக் ஆனார்கள். இதன் மறுபக்கமும் உண்டு. இன்று அரிதாகத் தோன்றும் பெயர், ஒரு பரவலான பெயரின் சிதைந்த எழுத்தாக இருக்கலாம். வெளியிலிருந்து வந்தோர் கொண்டுவந்ததாகவும் இருக்கலாம். 1709இல் ரைன் நதிப் பகுதியிலிருந்து வந்து லிமரிக் கவுண்டியின் ராத்கீல் பக்கம் குடியேறிய ஜெர்மானியப் புராட்டஸ்டன்டுகளின் ஸ்விட்சர், டெஸ்கி போன்ற பெயர்கள் அப்படிப்பட்டவை. அல்லது உண்மையிலேயே தனியொரு முன்னோரோடு தொடங்கியதாக இருக்கலாம். எழுத்தையும் ஒலியையும் மட்டும் வைத்து அறிஞர்கள் இவற்றுக்கிடையே ஊகித்துக்கொண்டிருந்தார்கள். சல்லிவன் பெயர் தாங்கிய ஒருவரின் ஆண்வழி மற்ற சல்லிவன்களின் கிளைகளோடு சேராமல் தனித்து நின்றால், விழுங்கப்பட்ட பெயரைத் தேட அது முதல் துப்பு. மரபணுச் சோதனையின் மிகப் பயனுள்ள வேலை இதுவே என்று கருதுகிறேன். அரச வம்சத்தைக் கண்டுபிடித்துத் தருவது அதன் முதன்மையான வேலை ஆகாது.

எதிர்வாதங்களில் வலுவானது, ஆண்வழி அறுந்துபோகும் என்பது. தத்து, மணமாகாத் தாயின் பெயரைச் சுமந்த பிள்ளை, தலைவனின் பெயரை ஏற்ற அடியார், மாமனாரின் நிலத்தோடு பெயரையும் வாங்கிய மருமகன் என்று அறுவதற்குப் பல வழிகள். மேற்கு ஐரோப்பாவில் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் போன்ற இடங்களில் நடந்த ஆய்வுகள், தலைமுறைக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு தந்தைமை பிறழ்வதைக் காட்டுகின்றன. அதை எடுத்துக்கொண்டால், 30 தலைமுறைகளில், அதாவது சுமார் ஆயிரம் ஆண்டுகளில், ஏறத்தாழ நான்கில் ஒரு வழி எங்கோ அறுந்திருக்கும். ஒருவரை மட்டும் சோதித்துவிட்டு அந்தப் பெயரின் மூலம் இதுவே என்று சொல்வது இதனால்தான் பிழை. ஆனால் தொடர்பற்ற ஊர்களில் வாழும் ஆறேழு பேர் ஒரே கிளையில் சேர்ந்தால், அறுந்தவர் தனியே விலகி நிற்பதும் தெளிவாகத் தெரியும். கின்னஸ் விஷயத்திலும், எப்போதோ ஒரு மெகென்னிஸ் வீட்டில் மெக்கார்ட்டன் தந்தைக்குப் பிள்ளை பிறந்திருக்கலாம் என்ற வாய்ப்பை முற்றாக மறுக்க முடியாது. ஊர்ப்பெயரின் சாட்சி அந்த விளக்கத்தைத் தேவையற்றதாக்குகிறது.

இரண்டாவது எதிர்வாதம், இந்தத் துறை அளவுக்கு மீறிப் பேசியிருக்கிறது என்பது. அது உண்மை. 2006இல் டிரினிட்டி ஆய்வாளர்கள், வடமேற்கு அயர்லாந்து ஆண்களில் ஐந்தில் ஒருவரிடம் ஒரே வகைக் குரோமோசோம் இருப்பதைக் கண்டு, 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் நீல் மன்னரின் ஈ நீல் வம்சத்தோடு அதை இணைத்தார்கள். செய்தித்தாள்கள் லட்சக்கணக்கானோரை அந்த மன்னரின் பிள்ளைகளாக்கின. அந்தக் கிளை ஸ்காட்லாந்திலும் பரவலாக இருப்பது பின்னர் தெரிந்தது. கிளையின் பிறப்பும் அந்த மன்னருக்கு முந்தையது என்ற கருத்து வலுப்பட்டது. ஆனால் திருத்தம் இதே கருவியிலிருந்துதான் வந்தது. வரலாற்றாசிரியர் காதரீன் சிம்ஸ் உடனிருந்து 2008இல் வெளியான ஆய்வு, தெற்கே மன்ஸ்டர் வம்சங்களில் அப்படி ஒரு பெருங்குவியல் இல்லை என்றது. நார்ஸ் மொழிப் பெயரிலிருந்து பிறந்த குடும்பப்பெயர் கொண்ட ஆண்களைச் சோதித்த இன்னோர் ஆய்வு, அவர்களின் ஆண்வழிகளில் ஸ்காண்டிநேவியத் தடம் மிகக் குறைவு என்று கண்டது. ஓலாஃப் என்ற பெயரிலிருந்து வந்த மக்காலிஃப் என்ற பெயரைத் தாங்கியவர் வைக்கிங் வழியினர் என்று நூற்றாண்டுக் காலமாகச் சொல்லி வந்ததை இது அசைக்கிறது. அயர்லாந்துக்காரர்களே தங்கள் பிள்ளைகளுக்கு அண்டை வீட்டு வைக்கிங்குகளின் பெயரை வைத்தார்கள் என்று எண்ணுவது பொருத்தமாக இருக்கிறது. பகைமையின் காலம் என்று நாம் படித்த அந்த நூற்றாண்டுகளில் எவ்வளவு புழக்கம் இருந்திருக்க வேண்டும்!

பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள் இருக்க, அவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு குலப்பெருமை பேசுவது எவ்வளவு நியாயம் என்றும் கேட்கிறார்கள். பெருமைக்கு அது ஆதாரமே ஆகாது. நாம் கேட்பது ஒரு மனிதர் யார் என்ற கேள்வியை அன்று. ஒரு பெயர் எங்கே தோன்றி எந்தப் பாதையில் வந்தது என்ற கேள்வியை. பெயர் சென்றதும் அந்த ஒரே வழியில்தான். பெயர் அரிதாக இருப்பதால் வரும் ஆபத்து இன்னும் கடுமையானது. 2013இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, பெயரில்லாமல் வெளியிடப்பட்ட மரபணுத் தரவுகளிலிருந்து, பொதுத் தளங்களின் ஒய் குரோமோசோம் பதிவுகளைக் கொண்டு, அமெரிக்க வெள்ளை ஆண்களில் சுமார் 12 விழுக்காட்டினரின் குடும்பப்பெயரை ஊகிக்க முடியும் என்று காட்டியது. மர்ஃபி என்று தெரிந்தால் ஆயிரக்கணக்கானோர் நடுவே ஒருவர் மறைந்துகொள்ளலாம்; நாற்பது பேர் மட்டும் தாங்கும் பெயர் தெரிந்தால் வீட்டு வாசலே தெரிந்துவிடும். ஒருவரின் எச்சில் மாதிரி அவருடைய சித்தப்பாவின் ரகசியத்தையும் திறக்கிறது. அதனால் ஒப்புதல் என்பது மாதிரி தருபவரோடு முடியாமல், குடும்பத்தோடு பேசிப் பெறவேண்டியது என்பதே சரி.

இன்றைய தரவுத் தொகுப்புகளில் இன்னொரு கோணல், அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தோரின் வாரிசுகள் தந்தவை என்பது. கிளை தெரிகிறது, அது முளைத்த மண் தெரிவதில்லை. 2017இல் முடிவுகளை வெளியிட்ட ஐரிஷ் டி.என்.ஏ. அட்லஸ் திட்டம், கொள்ளுத் தாத்தா பாட்டியர் எட்டுப் பேரும் ஒருவருக்கொருவர் 50 கிலோமீட்டருக்குள் பிறந்தவர்களாக இருந்தால் மட்டுமே ஒருவரைச் சேர்த்துக்கொண்டது. அரிய பெயர்களுக்கும் அதே கண்டிப்போடு, கிரிஃபித் மதிப்பீடு காட்டும் டவுன்லேண்டுகளிலேயே இன்னும் உழுதுகொண்டிருப்பவர்களிடமிருந்து மாதிரிகள் சேர்க்க வேண்டும். பல பெயர்களுக்கு அங்கே மிஞ்சியிருப்பது மணமாகாத முதிய விவசாயி ஒருவர். அவருக்குப் பின் அந்த ஆண்வழியைக் கேட்டறிய அந்த மண்ணில் ஆள் இருக்காது.