ஹார்ட் டிஸ்க் 'காலி'னு காட்டுதா? 'ஓகே' அழுத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

வடபழனி, சாலிகிராமம் பக்கம் எடிட்டிங், டப்பிங் ஸ்டுடியோக்கள் அதிகம். ஷூட்டிங் காட்சிகள் பெரும்பாலும் பெரிய யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில்தான் கைமாறும். அப்படி ஒரு டிஸ்க்கை விர்ச்சுவல் மெஷினில், அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியில் இணைத்தால், சில நேரம் 'இனிஷியலைஸ் செய்யவா?', 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கும். பதறிப்போய் 'ஓகே' கொடுத்துடாதீங்க. காட்சிகள் அப்படியே இருக்கலாம். செக்டர் அளவு பொருந்தாததுதான் பிரச்னையாக இருக்கலாம்.

செக்டர்னா என்ன?

டிஸ்க்கில் உள்ள இடத்தைச் சின்னச் சின்ன கட்டங்களாகப் பிரித்து எண் போட்டிருப்பார்கள். ஒரு கட்டம்தான் ஒரு செக்டர். பல காலமாக அதன் அளவு 512 பைட். 2010 வாக்கில் 4,096 பைட் செக்டர்கள் பரவின. ஆனாலும் பழைய மென்பொருள் குழம்பாமல் இருக்க, பல டிஸ்க்குகள் வெளியே இன்னமும் '512' என்றே சொல்கின்றன.

2 டிபிக்கு மேற்பட்ட சில யுஎஸ்பி பெட்டிகள் இதற்குத் தலைகீழ். பழைய எம்பிஆர் முறையில் 512 பைட் செக்டர்களை வைத்து 2 டிபி வரைதான் எண்ண முடியும். 4,096 என்று சொன்னால் அது 16 டிபி ஆகிவிடும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து சாமர்த்தியம் இது!

எங்கே இடிக்குது?

சென்னையில் பழைய கதவு எண், புது கதவு எண் குழப்பம் மாதிரிதான். வீடு அங்கேயே இருக்கும், தேடுறவர் வேற வாசலில் நிற்பார். ஜிபிடி டிஸ்க்கில் பிரிவுகளின் தலைப்பு 1-ஆம் எண் செக்டரில் இருக்கும். 4,096 கணக்கில் அது 4,096-வது பைட். விர்ச்சுவல் மெஷின் 512 கணக்கில் 512-வது பைட்டில் தேடும். அங்கே எதுவும் இருக்காது.

என்ன செய்யலாம்?

விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்து, டிஸ்க் பகுதியில் 'பைட்ஸ்/செக்டர்' வரியை நிஜக் கணினியிலும் விர்ச்சுவல் மெஷினிலும் ஒப்பிட்டுப் பாருங்க. க்யூஎமு, கேவிஎம் என்றால் லாஜிக்கல் பிளாக் அளவை 4,096 என்று கொடுக்கலாம். ஹைப்பர்-வியில் விஎச்டிஎக்ஸ் வகை 4,096-ஐ ஏற்கும். பழைய விஎச்டி ஏற்காது. விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ-யின் 2018-இல் வந்த 6.7 பதிப்பு 4,096 டிஸ்க்குகளை ஏற்றாலும், உள்ளே இருக்கும் மெஷினுக்கு 512 என்றே காட்டியது.

இதெல்லாம் வேண்டாம்னா, டிஸ்க்கை அதே யுஎஸ்பி பெட்டியோடு நிஜக் கணினியில் மாட்டி, ஷேர்டு ஃபோல்டர் வழியா ஃபைல்களைக் காப்பி பண்ணுங்க. அப்போ செக்டர் கணக்கு குறுக்கே வராது. பெட்டியை மட்டும் கழற்றிடாதீங்க. 4,096 என்று சொல்வது அந்தப் பெட்டியாகவே இருக்கலாம்.

ஏற்கெனவே 'இனிஷியலைஸ்' அழுத்தியிருந்தால், மேற்கொண்டு அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாதீங்க. மாறியிருப்பது பெரும்பாலும் பிரிவுகளின் அட்டவணைதான். டேட்டா மீட்பவரிடம் கொடுக்கும்போது, எந்தப் பெட்டியில் இருந்த டிஸ்க் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க.