கிளம்புவதற்குத்தான் நிறைய வேண்டும்

சில வருடங்களுக்கு முன் சிங்கப்பூரில் ஒரு கட்டுமான சைட்டில் வேலை பார்த்தேன். ஆபீஸ் என்பது ஒரு கன்டெய்னர். அதன் ஜன்னலில் ஒரு குதிரைத்திறன் ஏசி. மின் இணைப்பு வரும்வரை 2,000 வாட் ஜெனரேட்டர் ஒன்றைத் தந்திருந்தார்கள். அந்த ஏசி ஓட ஏறக்குறைய 1,000 வாட் போதும். காகிதத்தில் கணக்கு சரி. ஆனால் கம்ப்ரஸர் கிளம்பும்போதெல்லாம் ஜெனரேட்டர் ஒரு முக்கு முக்கிவிட்டு அணைந்துபோகும்.

புதுக்கோட்டைப் பக்கத்து எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். "ஓடுறதுக்குக் கொஞ்சம் போதும் தம்பி. கெளம்புறதுக்குத்தான் நெறைய வேணும்" என்றார். நிற்கிற மோட்டாரைச் சுழற்றிவிட, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு, ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு மின்சாரம் வேண்டுமாம். ஜெனரேட்டரை வேகம் குறைத்து ஓட வைக்கும் சிக்கன சுவிட்சை அணைத்தார். தண்ணீர் கெட்டிலைப் பிடுங்கினார். முதலில் ஃபேனை மட்டும் ஓடவிட்டு, பிறகு கம்ப்ரஸரைப் போட்டார். நின்றால் மூன்று நிமிடம் பொறுக்கச் சொன்னார். உள்ளே வாயு அழுத்தம் அடங்க வேண்டும். மறுவாரம் தொடக்க இழுப்பை மட்டுப்படுத்தும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் ஒன்றைப் பொருத்தினார். புகை விஷம் என்று ஜெனரேட்டரைக் கதவிலிருந்து தள்ளி வைத்தார்.

அந்த வாக்கியம் மனதில் தங்கிவிட்டது. இந்த ஊரின் குளிர்ச்சி எப்படிக் கிளம்பியது என்று தேட ஆரம்பித்தேன்.

தேக்கா மார்க்கெட்டிலிருந்து புக்கித் தீமா ரோட்டைத் தாண்டினால் மெக்கென்சி ரோடு. 1905இல் ஓடத் தொடங்கிய எலக்ட்ரிக் டிராமுக்காக அங்கேதான் மின்நிலையம் கட்டினார்கள். அதனிடம் மின்சாரம் வாங்கித்தான் 1906இல் நகராட்சி தெரு விளக்குகளைப் போட்டது. அதற்கு முன் வெள்ளைக்காரர் வீட்டுக் காற்று ஒரு மனிதனின் கையிலிருந்து வந்தது: கயிற்றைப் பிடித்துப் பங்கா இழுப்பவர். மின்விசிறி வந்தபின் அந்த வேலையே இல்லாமல் போனது.

ஏசியும் மனிதருக்காகப் பிறந்ததல்ல. 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரப்பதத்தால் காகிதம் சுருங்கி விரிந்து வண்ணங்கள் விலகின. அதைச் சரிசெய்யத்தான் வில்லிஸ் கேரியர் அந்த இயந்திரத்தை வடிவமைத்தார். சிங்கப்பூரில் 1939இல் திறந்த கத்தே தியேட்டர் காசு கொடுத்தவருக்குக் குளிர்ச்சி தந்தது. 1959இல் பிரதமரான லீ குவான் இயூ முதலில் செய்தவற்றில் ஒன்று, அரசு ஊழியர் வேலை செய்யும் கட்டடங்களில் ஏசி போட்டது. வெப்பமண்டலத்தில் வளர்ச்சியைச் சாத்தியமாக்கியதே அதுதான் என்று பின்னாளில் அவரே சொன்னார்.

முதலில் காகிதம், பிறகு டிக்கெட், பிறகு கோப்புகள். வெயிலில் நிற்பவனின் முறை மிகவும் பின்னால்தான் வந்தது. 2023 அக்டோபரில்தான் விதி வந்தது: வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கும் குறியீடு 32 டிகிரியைத் தொட்டால், கடின வேலை செய்பவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு, 33 என்றால் 15 நிமிடம். அவர்களுக்குக் கிடைத்தது ஏசி அல்ல, நிழலும் நேரமும். அதற்கே இவ்வளவு காலம் ஆயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் அந்த அண்ணனோடு டீ குடித்தேன். ஏஜென்டுக்குக் கொடுத்த பணத்தை அடைக்கவே முதல் வருடச் சம்பளம் போயிற்று என்றார். "அப்புறம் ஓடிருச்சு" என்று சிரித்தார்.

மின்சாரத்தைப் பற்றிச் சொன்ன அதே கணக்கு. ஆனால் மோட்டாருக்கு ஒரு நொடி, அவருக்கு ஒரு வருடம். அதை மட்டுப்படுத்த அவருக்கு எந்தக் கருவியும் இருக்கவில்லை.

இப்போது யோசிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. அந்த ஏசியை ஓடவைத்தவர் ஒரு நாளும் அதன் முன்னால் உட்கார்ந்ததில்லை. மதியச் சாப்பாட்டை லாரி நிழலில்தான் சாப்பிட்டார். உள்ளே வாங்க அண்ணே என்று நானும் கூப்பிட்டதில்லை.