ஏட்டில் 800 ரூபாய், ரோட்டில் ராஜா: பாகிஸ்தானின் பெட்ஃபோர்ட் லாரிகள்

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு தேய்மானம் என்றாலே கொட்டாவி வரும். இருந்தாலும் ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிக்கிறேன். 10 லட்சம் ரூபாய்க்கு ஒரு லாரி. வருடா வருடம் மீதமுள்ள மதிப்பில் 30 சதவீதம் கழிக்கிறோம். 20 வருடம் கழித்து ஏட்டில் எவ்வளவு நிற்கும்? சுமார் 800 ரூபாய்! ஒரு டயர் கூட வாங்க முடியாது.

ஆனால் பாகிஸ்தானில் அதைவிட இரண்டு மடங்கு வயதான பெட்ஃபோர்ட் லாரிகள் இன்றும் மூட்டை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. எப்படி?

முதலில் கொஞ்சம் வரலாறு. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1925-இல் இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் கம்பெனியை வாங்கியது. அதன் லாரிப் பிரிவுதான் 1931-இல் பிறந்த பெட்ஃபோர்ட். இரண்டாம் உலகப் போரில் மட்டும் சுமார் 2,50,000 லாரிகளைச் செய்து கொடுத்தார்கள். 1953-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கராச்சியில் ஒரு தொழிற்சாலை போட்டு, பெட்ஃபோர்ட் லாரிகளை அங்கேயே பூட்டத் தொடங்கியது. 1963-இல் அது ஜெனரல் ஹபீபுல்லா கான் கட்டக் கைக்குப் போய் 'காந்தாரா' ஆனது. 1972-இல் அரசுடைமை, 1992-இல் மறுபடி தனியார். இத்தனை கைமாறியும் ரோட்டில் பெட்ஃபோர்டுதான் ராஜா. 1958-இல் வந்த மூக்கு நீண்ட டிஜே மாடலுக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'ராக்கெட்'.

தாய்வீட்டில் கதை வேறு. 1986-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இங்கிலாந்தில் கனரக லாரித் தயாரிப்பைக் கைவிட்டது. அடுத்த வருடம் தொழிற்சாலையை வாங்கிய ஏடபிள்யூடி கம்பெனியும் 1992-இல் நொடித்துப் போனது. ஆக, லாரி செய்த கம்பெனி செத்துவிட்டது, லாரி சாகவில்லை!

காரணம் எளிமை. ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின், டர்போ இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. பழுது வந்தால் சத்தத்தை வைத்தே மெக்கானிக் கண்டுபிடிப்பார், ஸ்பேனரை வைத்தே சரி செய்வார். பழைய பாகங்களுக்கு லாகூரில் பிலால் கஞ்ச், கராச்சியில் ஷேர்ஷா என்று பெரிய சந்தைகளே இருக்கின்றன. கிடைக்காத பாகத்தைப் பட்டறையில் கடைந்து கொடுத்துவிடுவார்கள்.

அடுத்து அலங்காரம். பாகிஸ்தான் லாரி ஓவியங்களைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். கேபினுக்கு மேலே 'தாஜ்' என்னும் கிரீடம், மரத்தில் செதுக்கிய கதவு, பம்பரில் தொங்கும் சங்கிலிகள், இடம் விடாமல் பூவும் மயிலும். இதற்கு உரிமையாளர் பெரிய தொகை செலவழிக்கிறார். நம் பாடத்தின் மொழியில் சொன்னால் இதுவும் மூலதனச் செலவுதான். தேய்மானத்தில் கரைந்த மதிப்பை அவர் ஆணி அடித்து, பெயின்ட் அடித்து மறுபடி ஏற்றுகிறார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இங்கே நிஜம்.

ஆனாலும் வெறுமனே "ஆஹா" என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. இங்கிலாந்தில் பழைய பெட்ஃபோர்டை வைத்திருப்பவர், ஞாயிற்றுக்கிழமை துடைத்துக் கண்காட்சிக்கு ஓட்டிப் போகலாம். பாகிஸ்தான் டிரைவர் அதே வண்டியில் அளவுக்கு மீறிய பாரத்தோடு மலைப்பாதையில் இறங்க வேண்டும். பிரேக் பழசு. புகை அவருக்கும், பின்னால் வருபவருக்கும், ரோட்டோரம் கடை வைத்திருப்பவருக்கும் சேர்த்துத்தான்.

அப்படியானால் எல்லாவற்றையும் காயலான் கடைக்கு அனுப்பிவிடலாமா? அங்கே லாரித் தொழிலில் பெரும்பாலோர் ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் சிறு உரிமையாளர்கள். அந்த லாரிதான் அவர்களுடைய மொத்த முதல். ஏட்டில் 800 ரூபாய் என்று மதிப்புப் போட்டு அதைப் பிடுங்கினால், ஒரு குடும்பத்தின் வருமானத்தையே பிடுங்கியதாகிவிடும்.

மாற்றம் ஏற்கெனவே நடக்கிறது. 1980-களில் ஜப்பானின் ஹினோ கராச்சிக்கு வந்தது. அன்று பெட்ஃபோர்ட் பூட்டிய அதே காந்தாரா கம்பெனி இன்று இசூசு லாரிகளைப் பூட்டுகிறது. ராக்கெட்டுகள் வருடா வருடம் குறைந்துகொண்டே வருகின்றன. குறையட்டும், அது நல்லதுதான். ஆனால் பழைய வண்டியை விடச் சொல்கிற எந்த அரசும், புதிய வண்டிக்குச் சிறு உரிமையாளர் கட்டக்கூடிய தவணையில் கடன் கிடைக்கவும் வழி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அவர் என்ன செய்வார்? மறுபடியும் ஷேர்ஷாவுக்குத்தான் போவார், ஒரு பழைய கியர் பாக்ஸ் தேடி.