கோச்சைத் தூக்கலாமா? 1989 டிசம்பரும் என் பழைய கணக்கு ஒன்றும்

பத்து வருஷத்துக்கு முன்பு நான் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு புராஜெக்ட். தொடர்ந்து மூன்று ரிலீஸ் சொதப்பல். வாடிக்கையாளர் போனில் கத்துகிறார். மேலிடத்தில் என்னைக் கூப்பிட்டு, "டீம் லீடை மாத்திடலாமா? நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்கள். "மாத்திடலாம் சார்" என்றேன். மாற்றினார்கள். அடுத்த இரண்டு ரிலீஸும் சுத்தமாகப் போயின. சரியான நேரத்தில் சரியான முடிவு எடுத்தோம் என்று நானே நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

போன வருஷம் கால்பந்துக் கிளப்களின் வரலாற்றைத் தோண்ட ஆரம்பித்தபோதுதான் அந்தப் பெருமையில் முதல் ஓட்டை விழுந்தது. தோற்றுக்கொண்டிருக்கும் ஒரு தொழில்முறை அணி தன் கோச்சை வேலையிலிருந்து தூக்க வேண்டுமா? வருஷாவருஷம் உலகத்தின் எல்லா லீக்குகளிலும் எழுகிற கேள்வி இது. இதற்குப் பதில் சொல்பவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே கதையில் வந்து நிற்பார்கள்: அலெக்ஸ் ஃபெர்குசன், மான்செஸ்டர் யுனைடெட், 1989-90. முதலில் அந்தக் கதையைப் பார்த்துவிடுவோம்.

அந்த சீசனின் முதல் ஆட்டத்தில் யுனைடெட் ஆர்சனலை 4-1 என்று அடித்தது. ரசிகர்கள் ஆகாயத்தில் மிதந்தார்கள். செப்டம்பர் 23 அன்று அதே யுனைடெட், உள்ளூர் எதிரியான மான்செஸ்டர் சிட்டியிடம் 5-1 என்று உதை வாங்கியது. நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி ஆரம்பம் வரை லீக்கில் 11 ஆட்டங்கள், ஒரு வெற்றி கூட இல்லை. டிசம்பர் 9 அன்று சொந்த மைதானத்தில் கிரிஸ்டல் பேலஸிடம் தோற்றபோது, மூன்று வருஷம் சாக்குப்போக்கு சொன்னது போதும், கிளம்பு என்கிற அர்த்தத்தில் ஒரு ரசிகர் படுதாவில் எழுதி உயர்த்திப் பிடித்தார். அந்தப் படுதா இன்றுவரை பிரபலம்.

பிறகு 1990 ஜனவரி 7. எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாவது சுற்றில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் மைதானத்தில் ஆட்டம். தோற்றால் ஃபெர்குசன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. மார்க் ராபின்ஸ் என்ற இளைஞர் ஒரு கோல் போட்டார். யுனைடெட் 1-0 என்று வென்றது. அப்படியே போய் மே மாதம் கோப்பையையும் தூக்கியது. அடுத்த வருஷம் ஒரு ஐரோப்பியக் கோப்பை. 1993இல், 26 வருஷம் கழித்து லீக் பட்டம். 2013இல் ஓய்வு பெறும்போது ஃபெர்குசன் கணக்கில் 13 லீக் பட்டங்கள். "பாத்தீங்களா, பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று கதை முடியும்.

நல்ல கதைதான். ஆனால் பக் தேடுகிற புத்தி நம்மை விடாதே! கதையின் லாகைத் திறந்து பார்த்தேன்.

முதல் விஷயம்: ராபின்ஸின் அந்த கோல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்பார்கள். ஆனால் அதற்கடுத்து லீக்கில் ஆடிய இரண்டு ஆட்டங்களிலும், டெர்பியிடமும் நாரிச்சிடமும், யுனைடெட் தோற்றது. சீசன் முடிவில் கிடைத்தது 13ஆவது இடம். லீக்கைவிட்டுக் கீழே இறக்கப்பட்ட ஷெஃபீல்ட் வென்ஸ்டேயைவிட வெறும் 5 புள்ளி அதிகம். அந்த வருஷம் அணி லீக்கில் தேறவே இல்லை, கோப்பை மட்டும் வந்தது. இறுதிப் போட்டிகூட 3-3 என்று சமனாகி, மறு ஆட்டத்தில்தான் 1-0. எதிரணி யார்? அந்தப் படுதா நாளில் வென்ற அதே கிரிஸ்டல் பேலஸ்.

இரண்டாவது விஷயம்தான் என்னை உட்கார வைத்தது. ஃபெர்குசன் யுனைடெடுக்கு எப்படி வந்தார்? ரான் அட்கின்சன் என்ற மேனேஜரை 1986 நவம்பரில் சீசன் நடுவில் தூக்கியதால் வந்தார். (இங்கிலாந்தில் தலைமைக் கோச்சை மேனேஜர் என்பார்கள்.) அட்கின்சன் 1983, 1985 என இரண்டு எஃப்.ஏ. கோப்பை வென்றவர். அவருடைய ஐந்து முழு சீசன்களில் அணி நான்காவது இடத்துக்குக் கீழே போனதே இல்லை. ஆறாவது சீசனின் ஆரம்பம் மோசம், ஆளைக் காலி செய்துவிட்டார்கள். ஃபெர்குசனின் முதல் முழு சீசனில் இரண்டாவது இடம் வந்தது, வாஸ்தவம். அதற்கடுத்து 11, அதற்கடுத்து 13.

அதாவது, கோச்சைத் தூக்காதே என்பதற்கு உலகமே காட்டுகிற உதாரணம், கோச்சைத் தூக்கியதில்தான் ஆரம்பிக்கிறது! தலைவர் நாற்காலியில் இருந்தவரும் இரண்டு முறையும் ஒரே ஆள்தான், மார்ட்டின் எட்வர்ட்ஸ். புள்ளிப்பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால் அட்கின்சனை வைத்துக்கொண்டு ஃபெர்குசனை அனுப்பியிருக்க வேண்டும்.

அப்படியென்றால் புள்ளிப்பட்டியல் எவ்வளவு நம்பகமானது? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு அணி ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிக்க 40 சதவீதம், சமன் ஆக 25, தோற்க 35 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கோச்சுக்கு எந்தப் பங்கும் இல்லை, எல்லாம் பகடை. வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1. சராசரி ஆட்டத்துக்கு 1.45 புள்ளி. இந்த அணி 38 ஆட்டம் கொண்ட ஒரு சீசனில் எங்காவது தொடர்ச்சியாக நான்கு ஆட்டம் தோற்பதற்கான வாய்ப்பு சுமார் 30 சதவீதம். இதே மாதிரி 20 அணிகள் இருந்தால், வருஷத்துக்கு ஆறு அணிகளுக்கு இந்தக் கதி வெறும் அதிர்ஷ்டக் கேட்டால் வரும்.

இப்போது அந்த ஆறு கோச்சுகளையும் தூக்குங்கள். புதியவர்கள் வருகிறார்கள். அடுத்த நான்கு ஆட்டங்களில் சராசரியாக எத்தனை புள்ளி வரும்? 4 × 1.45 = 5.8. முந்தைய நான்கில் பூஜ்யம், இப்போது கிட்டத்தட்ட 6. புதுக் கோச் வந்ததும் அணிக்கு உயிர் வந்துவிட்டது என்று தலைப்புச் செய்தி போடலாம். புதுக் கோச்சுக்குப் பதிலாக ஒரு நாற்காலியை உட்கார வைத்திருந்தாலும் அதே 5.8தான். பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை அளந்து பிரான்சிஸ் கால்டன் 1886இல் காட்டிய விஷயம் இது: சராசரிக்குத் திரும்புதல். ரொம்பக் கீழே போனது தானாகவே கொஞ்சம் மேலே வரும்.

நிஜ அணிகள் பகடை இல்லையே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஒரே வழி, அதே அளவு சரிந்தும் கோச்சைத் தூக்காத அணிகளோடு ஒப்பிடுவது. நெதர்லாந்தின் பாஸ் டெர் வீல் என்ற பொருளாதார நிபுணர் அந்நாட்டு லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான தரவை வைத்து இதைத்தான் செய்தார். கோச்சைத் தூக்கிய அணிகள் மீண்டன. தூக்காத அணிகளும் ஏறக்குறைய அதே மாதிரி மீண்டன. இதற்கு ரொம்ப முன்பே, 1964இல், கேம்சன், ஸ்காட்ச் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் அமெரிக்க பேஸ்பாலைப் பார்த்துவிட்டு, மேனேஜரைத் தூக்குவது பலிகடா வெட்டுகிற சடங்கு என்றே எழுதினார்கள். மழை வந்தால் சாமி கண் திறந்தது என்போம். வராவிட்டால் அடுத்த கடா.

ஆக, தூக்கவே கூடாது என்று முடித்துவிடலாமா? அதுவும் அவசரம். 2016-17 இங்கிலீஷ் பிரீமியர் லீக்கை எடுத்துக்கொள்வோம். 5000-க்கு 1 என்ற பந்தய விகிதத்தில் ஆரம்பித்து 2016இல் பட்டம் வென்ற லெஸ்டர் சிட்டி, ஒன்பதே மாதத்தில், 2017 பிப்ரவரி 23 அன்று, கிளாடியோ ரனியேரியை அனுப்பியது. நன்றி கெட்டவர்கள் என்று உலகமே திட்டியது. உதவியாளராக இருந்த கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்றார். முதல் ஐந்து லீக் ஆட்டங்களும் வெற்றி, முடிவில் 12ஆவது இடம். அதே ஷேக்ஸ்பியரை அக்டோபரில் அனுப்பிவிட்டார்கள் என்பது தனிக்கதை.

அதே சீசனில் மற்றவர்கள்? கிரிஸ்டல் பேலஸ் மாற்றியது, பிழைத்தது. ஸ்வான்சி இரண்டு முறை மாற்றியது, பிழைத்தது. ஹல் சிட்டி மாற்றியது, இறங்கியது. மிடில்ஸ்பரோவும் மாற்றியது, இறங்கியது. சண்டர்லேண்ட் கடைசிவரை டேவிட் மோயஸை வைத்திருந்தது, கடைசி இடத்தில் இறங்கியது. பர்ன்லி, ஷான் டைச்சைத் தொடவில்லை. 2015இல் அவர் தலைமையில் லீக்கிலிருந்து இறங்கியபோதும் தொடவில்லை. ஒரே வருஷத்தில் திரும்பி ஏறி, இந்த சீசனிலும் தப்பித்தது. இதில் எந்த விதியை எழுதுவீர்கள்? நான் இரண்டு மூன்று தடவை அட்டவணை போட்டுப் பார்த்தேன். ஒரு நேர்க்கோடும் கிடைக்கவில்லை.

நம்ம சென்னையின் எஃப்.சி.யும் இந்தக் குழப்பத்துக்குத் தன் பங்கைத் தந்திருக்கிறது. ஜான் கிரகரி 2017-18இல் ஐ.எஸ்.எல். பட்டம் வென்று தந்தார். அடுத்த சீசனில் அணி கடைசி இடம். இருந்தும் அவரை வைத்துக்கொண்டார்கள். 2019-20இல் முதல் ஆறு ஆட்டத்தில் ஒரே வெற்றி, அவர் விலகினார். ஓவன் கோயில் வந்தார், அதே வீரர்களை வைத்து இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். அதைச் சராசரிக்குத் திரும்புதல் என்று மட்டும் சொல்லி ஒதுக்க எனக்கே மனசு வரவில்லை.

என் முடிவு இதுதான். தொடர் தோல்வி என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் தூக்கக் கூடாது. தூக்குமுன் மூன்று கேள்வி கேட்கவேண்டும்.

ஒன்று, சரிவுக்கு வேறு காரணம் கண்ணெதிரே இருக்கிறதா? 1989இல் யுனைடெட் புதிதாக வாங்கிய நீல் வெப் செப்டம்பரில் இங்கிலாந்துக்காக ஆடும்போது குதிகால் தசைநார் அறுந்து படுத்துவிட்டார். லெஸ்டரில், நடுக்களத்தின் உயிரான கான்டே 2016 கோடையிலேயே செல்சிக்குப் போய்விட்டார். அந்த சீசனில் பட்டம் யாருக்கு? செல்சிக்கு.

இரண்டு, பட்டியலில் தெரியாத வேலை ஏதாவது நடக்கிறதா? ஃபெர்குசன் வந்ததும் சிறுவர்களைத் தேடிப்பிடிக்கும் வேலையைப் பெரிதாக்கினார். ரயன் கிக்ஸை 14 வயதில் பிடித்தது 1987இல். கிக்ஸ், பெக்காம், பட், கேரி நெவில் ஆடிய அணி 1992இல் இளைஞர் கோப்பையை வென்றது. ஃபாரஸ்டிடம் தோற்றிருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டோம் என்று எட்வர்ட்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஜெயித்த பிறகு சொல்வதுதான், கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் இந்த வேலை அவர் கண்ணில் பட்டிருக்கும் என்று நம்பலாம். ஃபெர்குசன் செய்ததெல்லாம் சரி என்றும் இல்லை. 1989இல் அவர் விற்ற பால் மெக்ராத், 1993இல் சக வீரர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த சிறந்த வீரர்.

மூன்று, மாற்றாக வரப்போகிறவர் யார், பெயர் சொல்ல முடியுமா? அட்கின்சனை அனுப்பும்போது, அபர்டீன் மாதிரி சின்ன ஊர்க் கிளப்பை வைத்து 1983இல் ரியல் மாட்ரிட்டை ஐரோப்பிய இறுதிப் போட்டியில் தோற்கடித்த ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். யாராவது வரட்டும், இவர் போகட்டும் என்பது அதற்கு நேர் எதிர்.

இப்போது என் பழைய புராஜெக்டுக்கு வருகிறேன். இந்த மூன்று கேள்வியையும் அங்கே போட்டுப் பார்த்தேன். ஆளை மாற்றிய அதே மாதம், ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த டெஸ்ட் சர்வர் எங்களுக்குக் கிடைத்தது. அதைக் கேட்டுக் கேட்டு வாங்கியதே அந்த டீம் லீட்தான். இது எனக்கு அன்றைக்கே தெரியும். "மாத்திடலாம் சார்" என்று சொல்லும்போது ஞாபகத்துக்கு வரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

போன மாதம் அவருக்கு இதை எழுதி அனுப்பினேன். மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "பரவாயில்லை சார், அந்த சர்வர் இன்னும் ஓடுதா?" என்று கேட்டிருந்தார்.

ஓடுகிறதாம். விசாரித்துச் சொன்னேன்.