வலிக்காத நோயின் விலை

உயர் ரத்த அழுத்தத்துக்குத் தமிழில் 'ரத்தக் கொதிப்பு' என்றொரு பெயர் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. உண்மையில் எவருடைய ரத்தமும் கொதிப்பதில்லை. ஆனால், அந்தப் பெயர் நோயைக் கோபத்தோடும் படபடப்போடும் இணைத்துவிட்டது. 'எனக்குக் கோபமே வராது, எனக்கு எப்படிக் கொதிப்பு வரும்?' என்று கேட்பவர்களை இன்றும் பார்க்கிறோம். தலைவலியும் தலைச்சுற்றலும் இல்லாதவரை ரத்த அழுத்தம் சரியாகவே இருப்பதாகக் கருதுவோர் அவர்களினும் மிகுதி.

இவ்விரண்டு எண்ணங்களும் தவறானவை. சாந்தமானவர்களுக்கும் இந்நோய் வரும். வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. மற்ற நோய்கள் வலியையோ காய்ச்சலையோ தூது அனுப்பி நம்மை மருத்துவரிடம் இட்டுச் செல்கின்றன. இந்நோய் அவ்வாறு தூது அனுப்புவதில்லை. ஆகவே, 'நான் நன்றாகத்தானே இருக்கிறேன்' என்ற உணர்வுக்கு இங்கே சான்று மதிப்பு எதுவும் இல்லை. நோய் இருக்கிறதா என்பதையும், இருந்தால் கட்டுக்குள் வந்திருக்கிறதா என்பதையும் அளவீடு ஒன்றே சொல்லும்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இந்நோய் என் கவனத்தை ஈர்ப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. மிகக் குறைந்த செலவில் தடுக்கக்கூடிய மிகப் பெரிய இழப்புகளில் இதுவும் ஒன்று. அப்படியிருந்தும் அந்தக் குறைந்த செலவையே நாம் செய்யத் தவறுகிறோம்.

இதயம் சுருங்கி ரத்தத்தை வெளியே தள்ளும்போது ரத்தக் குழாய்ச் சுவர்களில் ஏற்படும் அழுத்தம் மேல் அளவு. இதயம் விரிந்து ஓய்வெடுக்கும்போது நிலவும் அழுத்தம் கீழ் அளவு. ஏறத்தாழ 120/80 என்பது இயல்பான நிலை. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வெவ்வேறு நாள்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் ரத்த அழுத்தம் என்று மருத்துவ உலகம் பொதுவாக வரையறுக்கிறது. அமெரிக்க மருத்துவ அமைப்புகள் 2017-இல் இந்த எல்லையை 130/80 என்று குறைத்தன. எந்த வரையறையை ஏற்றாலும், அழுத்தம் உயர உயர ஆபத்தும் படிப்படியாக உயர்கிறது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

உயர் அழுத்தம் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றித் தன் வேலையைச் செய்கிறது. ரத்தக் குழாய்களின் உட்சுவர் சிதைந்து தடிக்கிறது. மிகுந்த விசையோடு உழைக்க வேண்டியிருப்பதால் இதயத் தசை பருத்து, ஒரு கட்டத்தில் தளர்கிறது. சிறுநீரகத்தின் நுண் வடிகட்டிகள் கெடுகின்றன, விழித்திரை பாதிக்கப்படுகிறது. மூளையின் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் ஏற்படுகிறது. இதயத்துக்கு ரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைபட்டால் மாரடைப்பு. பலருக்கு இந்த முடிவுகளில் ஒன்றே முதல் அறிகுறியாக அமைந்துவிடுகிறது.

அழுத்தம் 180/120-ஐத் தாண்டி, அத்துடன் நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பார்வை மங்கல், கடுந்தலைவலி, குழப்பம் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அது அவசர நிலை. வாய் ஒருபுறம் கோணுதல், ஒரு கை அல்லது கால் வலுவிழத்தல், பேச்சு குழறுதல் ஆகியன பக்கவாதத்தின் அடையாளங்கள். அடைப்பினால் வந்த பக்கவாதத்துக்கு உறைவைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். அந்நேரத்தில் கை வைத்தியம் பார்ப்பதும் 'சற்றுப் படுத்திருந்தால் சரியாகிவிடும்' என்று காத்திருப்பதும் பொன்னான நேரத்தை வீணாக்கும் செயல்கள். 108 ஆம்புலன்ஸை அழைத்து, அந்தச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்வதே செய்யத்தக்கது.

நோய்க்கான காரணங்களைப் பார்ப்போம். பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் தனித்த ஒற்றைக் காரணம் எதையும் சுட்ட முடியாது. மரபு, வயது, மிகை உப்பு, உடற்பருமன், உடலுழைப்பின்மை, மது ஆகியவை கூடி அழுத்தத்தை உயர்த்துகின்றன. புகையிலை சேர்ந்துவிட்டால் ரத்தக் குழாய்களுக்கு நேரும் கேடு பன்மடங்காகிறது. எஞ்சிய சிலருக்குச் சிறுநீரக நோய், அட்ரீனல் சுரப்பிக் கோளாறு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் போன்றவை மூலகாரணமாக இருக்கும். இளவயதிலேயே அழுத்தம் உயர்ந்தாலும், பல மருந்துகளுக்கும் கட்டுப்படாமல் போனாலும் இவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும். மூட்டு வலிக்காக மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி விழுங்கும் வலி நிவாரணிகள், ஸ்டீராய்டு மாத்திரைகள், மூக்கடைப்பு மருந்துகள் சில ஆகியவையும் அழுத்தத்தை உயர்த்தக்கூடியவை. இருமலுக்கு நாம் பயன்படுத்தும் அதிமதுரத்தைத் தொடர்ந்து மிகுதியாக உட்கொண்டாலும் அழுத்தம் ஏறும். நாட்டு மருந்து என்பதாலேயே ஒன்று தீங்கற்றது ஆகிவிடாது.

உப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவே உப்பு சேர்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உலகின் சராசரி நுகர்வோ அதைப்போல் இருமடங்கு. நம் வீடுகளில் குழம்பில் போடும் உப்பு மட்டுமே கணக்கில் வருகிறது. ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு, கடையில் வாங்கும் மிக்சர், முறுக்கு வழியாக உள்ளே செல்லும் உப்பை யாரும் எண்ணுவதில்லை. சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21 ஆயிரம் பேரிடம் நடத்தப்பட்டு, 2021-இல் வெளியான ஆய்வு ஒன்றில், சோடியத்தின் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பொட்டாசியம் கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடையே பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. எனினும், சிறுநீரக நோயாளிகளுக்கும் சிலவகை அழுத்த மருந்துகளை உட்கொள்வோருக்கும் பொட்டாசியம் மிகுந்து ஆபத்தாகலாம் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் இந்த மாற்று உப்பை நாடக் கூடாது. உப்பைக் குறைப்பதற்கு அத்தகைய தடை பெரும்பாலோருக்கு இல்லை.

அளப்பதிலும் முறை இருக்கிறது. படியேறி வந்த மூச்சிரைப்போடும், காபி குடித்த கையோடும் அளந்தால் எண் பொய் சொல்லும். ஐந்து நிமிடங்கள் சாய்ந்து அமைதியாக அமர்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி, கையை இதய மட்டத்தில் ஏதேனும் ஒன்றின் மீது தாங்கலாக வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் மீண்டும் ஒருமுறை அளப்பது நல்லது. மருத்துவரைக் கண்டதும் சிலருக்கு அழுத்தம் ஏறும். வேறு சிலருக்கு மருத்துவமனையில் இயல்பாகவும் வீட்டில் மிகுந்தும் இருக்கும். வீட்டில் எடுத்துக் குறித்து வைத்த அளவுகள் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

இந்நோய்க்கு மருந்தே இல்லாத காலம் வெகுதொலைவில் இல்லை. அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கடும் உயர் ரத்த அழுத்தத்தால் அவதிப்பட்டார். 1944-இல் இதய நோய் நிபுணர் ஒருவர் அவரைப் பரிசோதித்து உண்மை நிலையைக் கண்டறிந்தபோதும், உப்பில்லா உணவு, ஓய்வு, இதயத் தளர்ச்சிக்கான டிஜிட்டாலிஸ் ஆகியவற்றுக்கு மேல் கொடுப்பதற்கு ஏதுமில்லை. 1945 ஏப்ரல் 12 அன்று, தம் 63-ஆம் வயதில், மூளை ரத்தக்கசிவால் அவர் மறைந்தார். உலகின் மிக வலிமை வாய்ந்த பதவியில் இருந்தவருக்கு அன்று கிடைக்காத மருந்து, இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூலித் தொழிலாளிக்கு இலவசமாகக் கிடைக்கிறது. இந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் பங்குண்டு. நம் மண்ணின் மூலிகையான சர்ப்பகந்தியைக் கொண்டு அழுத்தத்தைக் குறைக்கலாம் என்பதை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-இல் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் எழுதி உலகின் கவனத்துக்குக் கொண்டு வந்தார்.

இன்றைய மருந்துகள் பல பிரிவுகளைச் சேர்ந்தவை. சில, குழாய்களைத் தளர்த்துகின்றன. சில, மிகை உப்பையும் நீரையும் வெளியேற்றுகின்றன. சில, குழாய்களைச் சுருக்கும் ஹார்மோனின் செயலைத் தடுக்கின்றன. மேல் அளவு 10 புள்ளிகள் குறைந்தாலே பக்கவாத ஆபத்து கால் பங்குக்கு மேல் குறைகிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் கண்ட முடிவு. பக்க விளைவுகள் இல்லாமல் இல்லை. அம்லோடிபின் சிலருக்குக் கணுக்கால் வீக்கத்தையும், எனாலாப்ரில் வறட்டு இருமலையும் தரும். இவற்றுக்கு மாற்று மருந்துகள் உண்டு. வீக்கத்தைச் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்வதே அறிவுடைமை; சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவது அல்ல. கருவுற்ற பெண்களுக்கு இவற்றுள் சில மருந்துகள் ஆகாதவை என்பதால், கருத்தரிக்க எண்ணும்போதே மருத்துவரிடம் தெரிவித்துவிட வேண்டும்.

என்னோடு பணியாற்றிய பேராசிரியர் ஒருவர், அளவு 130-க்கு இறங்கியதும் நோய் தீர்ந்ததென்று மாத்திரையைக் கைவிட்டார். மாத்திரையினால்தான் அந்த 130 என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஓராண்டு எந்தத் தொல்லையும் இல்லை. பிறகு ஒருநாள் விடியலில் வலப்பக்கம் செயலிழந்தது. மருத்துவமனைச் செலவின் பெரும்பகுதியைக் காப்பீடு ஏற்றுக்கொண்டது. ஆனால், அவரைக் கவனித்துக்கொள்ள அவருடைய மகள் வேலையை விட்டாரே, அந்த இழப்புக்கு எந்தக் காப்பீடும் இல்லை. நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் ஒலித்த குரல் இன்று ஒரு சொல்லுக்காகத் திணறுவதை எந்தக் கணக்கேட்டில் எழுதுவது?

கற்றறிந்தவர் ஏன் இப்படிச் செய்கிறார்? எதிர்கால நன்மையைக் காணும் நம் பார்வை குறைபாடு உடையது என்று பொருளியலறிஞர் ஏ.சி. பிகு 1920-இலேயே சுட்டினார். மாத்திரையின் தொல்லை இன்று, கண்முன்னே இருக்கிறது. அதன் பயனோ, என்றோ வரவிருந்த பக்கவாதம் வராமல் போவது. நிகழாத ஒன்றை எவரும் காண முடியாது; காணாத ஒன்றுக்கு எவரும் நன்றி பாராட்டுவதில்லை. இந்நோயின் பொருளியல் சிக்கல் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

அரசின் கணக்கிலும் இதே குறை எதிரொலிக்கிறது. தமிழ்நாட்டில் 2020-இல் எடுக்கப்பட்ட மாநில அளவிலான ஆய்வில், வயது வந்தோரில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேர் மட்டுமே. மருந்துக் கொள்முதலுக்கென 1994-இலேயே தனிக் கழகம் கண்டு, நாட்டுக்கே முன்மாதிரியான மாநிலத்தின் நிலை இது. மருந்துத் தட்டுப்பாட்டை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. நிலைமை மேம்பட்டும் வருகிறது. மாதந்தோறும் ஒருநாள் கூலியை இழந்து வரிசையில் நிற்க வேண்டியிருந்ததே பலர் மருந்தைக் கைவிடக் காரணம் என்பதை அத்திட்டம் சரியாகவே உணர்ந்தது.

ஆயினும், எத்தனை பேரைப் பரிசோதித்தோம், எத்தனை மாத்திரைப் பெட்டகங்களை வழங்கினோம் என்ற எண்ணிக்கைகளே அறிவிப்புகளில் முதலிடம் பெறுகின்றன. அவை உள்ளீடுகள். விளைவு வேறு. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையமும் தன் பொறுப்பிலுள்ள நோயாளிகளில் எத்தனை பேருக்கு அழுத்தம் 140/90-க்குக் கீழே இருக்கிறது என்ற ஒரே எண்ணைக் காலாண்டுதோறும் பொதுப்பார்வைக்கு வைக்க வேண்டும். மாத்திரை வாங்க வராதவரைப் பெயர் சொல்லித் தேடிச் செல்லவும் அவ்வெண் நிர்வாகத்தைத் தூண்டும்.

நம் பங்கு எளிது. முப்பது வயதைக் கடந்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொன்னாலன்றி மருந்தை நிறுத்தலாகாது. நடையும் உப்புக் குறைப்பும் மருந்தின் அளவைக் குறைக்க உதவலாம். ஆனால், குறைப்பது மருத்துவரின் முடிவாக இருக்க வேண்டும். வீட்டில் முதியவர் இருந்தால் 'சாப்பிட்டீர்களா?' என்று கேட்கும்போதே 'மாத்திரை போட்டீர்களா, கடைசியாக எப்போது அளந்தீர்கள்?' என்றும் சேர்த்துக் கேட்போம்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).