கொலைக்குப் பின் வந்த வைத்தியம்

1968ஆம் ஆண்டில் பம்பாய்ப் புறநகர்களின் நடைபாதைகளிலும் குடிசைகளிலும் உறங்கிய ஏழைகளை இரவில் இரும்புத் தடியால் அடித்துக் கொன்ற ராமன் ராகவ் என்ற தமிழன், அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே இத்தகைய தாக்குதல்கள் தொடர்பாகப் பிடிபட்டு, சாட்சியமின்மையால் விடுவிக்கப்பட்டவன். ஆகஸ்டு 27ஆம் தேதி மறுபடி கைதானவனுக்குச் சித்தப்பிரமை இல்லையென்று போலீஸ் சர்ஜனும், உண்டென்று மற்றொரு வைத்தியரும் கூற, செஷன்ஸ் கோர்ட்டு மரண தண்டனை விதித்தது. பிறகு ஹைகோர்ட்டின் ஆக்ஞைப்படி மூன்று மனோவைத்தியர்கள் அவனோடு பலமுறை அமர்ந்து பேசினார்கள். விடைபெறுகையில் அவர்கள் நீட்டிய கையை, தான் 'கானூன்' (சட்டம்) உலகின் பிரதிநிதியென்றும், இந்தத் துஷ்ட உலகத்தாரைத் தொடுவதில்லையென்றும் சொல்லி அவன் மறுத்துவிட்டான். தீராத மனோவியாதி என்று அவர்கள் நிர்ணயித்ததால் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 1995இல் அவன் இறந்தான். முதன்முறை பிடிபட்டபோதே அந்த மனத்தைச் சோதித்திருக்க வேண்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

ஆனால் ராமன் ராகவைப் போலன்றி, மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் எவரையும் ஹிம்சிப்பவரல்லர். 1794இல் சென்னையில் தோன்றி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்த மனநல மருத்துவமனை, தோணிரேவு முதலிய பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களுக்குச் சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. இவ்வூர்களில் உங்கள் வீட்டில் ஒருவர் உறக்கமின்றித் தனக்குள்ளேயே பேசத் தொடங்கினால், கட்டிவைக்காமல் அங்கே அழைத்துச் செல்லுங்கள்.