வஞ்சிரம் வறுவலில் எது பழசு, எது புதுசு?

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு மயிலாப்பூர் மாட வீதியில் நின்றால் ஃபில்டர் காபி வாசனை வரும். அங்கிருந்து கடலைப் பார்த்து நடந்தால் கொஞ்ச நேரத்தில் வாசனை மாறிவிடும். தோசைக்கல்லில் வஞ்சிரத் துண்டு வறுபடும் வாசனை! மயிலாப்பூர் என்றாலே தயிர்சாதம் என்று நினைப்பவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கலாம் :-)

எங்கள் வீட்டு ஃபார்முலா ரொம்ப சிம்பிள். மிளகாய்த்தூள், கொஞ்சம் மல்லித்தூள், மஞ்சள்தூள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு. மீனில் தடவி அரை மணி நேரம் ஊற வைக்க வேண்டும். பிறகு நல்லெண்ணெய் விட்டு மிதமான தீயில் வறுக்க வேண்டும். அவசரப்பட்டுத் திருப்பினால் மசாலா கல்லோடு போய்விடும். கடைசியில் ஒரு கைப்பிடி கறிவேப்பிலை. "இதெல்லாம் நம்ம பரம்பரைச் சமையல்" என்பார் பாட்டி.

பாட்டியை எதிர்த்துப் பேச முடியாது. ஆனால் கணக்குப் பாடம் படிக்கிற புத்தி சும்மா இருக்குமா? அந்தத் தட்டில் எது ஓப்பனிங் பேலன்ஸ், எது நடுவில் வந்த வரவு என்று பார்க்கத் தோன்றியது.

கொசுவத்தியைக் கொஞ்சம் பெரிசாகவே சுத்துவோம். சங்க இலக்கியமான பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துக் கள்ளுக்கடை முற்றங்களில் மீனை வெட்டி, இறைச்சியை அறுத்து, பொரிக்கும் சத்தம் கேட்கிறது. அதே பாட்டில் கடைவீதிக்கு மிளகு மூட்டைகளும் வந்து இறங்குகின்றன. அப்போது மிளகுக்குப் பெயர் 'கறி'. ஆக மீன் பழசு, பொரிப்பது பழசு, காரமும் பழசு. ஆனால் அந்தக் காரம் மிளகு, திப்பிலி, இஞ்சி தந்த காரம். மிளகாய் அங்கே கிடையாது. இருக்கவும் முடியாது!

ஏனென்றால் மிளகாயின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். 1492ல் கொலம்பஸ் மிளகைத் தேடிக் கிளம்பி, மிளகாயைக் கண்டார். 1498ல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தார். 1510ல் கோவா போர்ச்சுகீசியர் கைக்குப் போனது. அந்த 16ஆம் நூற்றாண்டில்தான் அவர்கள் கப்பல்கள் வழியாக மிளகாய் இந்தியாவுக்குள் வந்தது. நம் ஆட்கள் அதற்கு வைத்த பெயரைப் பாருங்கள்: மிளகு + காய். மிளகு மாதிரி உறைக்கும் காய், அவ்வளவுதான். பெயரிலேயே பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது.

அந்தப் போர்ச்சுகீசியர்கள் 1520களில் நம் மயிலாப்பூர் கடற்கரையிலும் குடியேறினார்கள். அதுதான் சாந்தோம். 1639ல் ஆங்கிலேயர்கள் மெட்ராஸுக்கு அடி போடுவதற்கு நூறு வருஷத்துக்கு முன்னால்! மீன் வறுக்கும்போது புகை போக 'ஜன்னலை'த் திறக்கிறோமே, அந்த வார்த்தையும் போர்ச்சுகீசியம்தான்.

வந்த மிளகாய் மிளகை ஓரம் கட்டியது எப்படி? மிளகுக் கொடிக்கு மழையும் மலைச்சாரலும் வேண்டும். மிளகாய்ச் செடிக்குக் கொல்லைப்புறமே போதும், சில மாதங்களில் காய்த்துவிடும். ராமநாதபுரம் மாதிரி வறண்ட சீமையிலும் விளையும். அந்த ஊர் குண்டு மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடே கிடைத்தது. மிளகு வாங்க வசதியில்லாதவர் வீட்டுக்கும் காரம் வந்தது. வெளியூர் சரக்கு உள்ளூர்ச் சரக்கானது இப்படித்தான்.

சரி, மீன் பழசு என்றால் மீன் பிடிப்பவர்களும் பழசுதானே? கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி குறிப்பிட்ட ஒரு துறைமுகத்தை மயிலாப்பூர் என்றே ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். தி.நகர் 1920களில் ஏரியைத் தூர்த்து உருவான ஊர். பெசன்ட் நகர் 1970களில் வளர்ந்த குடியிருப்பு. அதன் ஓரத்தில் இருக்கும் ஊரூர் குப்பம் அதற்கு முன்பே இருந்தது.

ஆனால் நடந்தது என்ன? 1985ல் மெரினாவை அழகுபடுத்துவதாகச் சொல்லிக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றப் போனார்கள். எதிர்ப்பு கிளம்பியது, துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தார்கள். 2004 சுனாமி இந்தக் குப்பங்களைப் புரட்டிப் போட்டது. 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து, நொச்சிக்குப்பம் லூப் சாலையோர மீன் கடைகள் ஆக்கிரமிப்பு என்று அகற்றப்பட்டன. மீனவர்கள் சாலையை மறித்தார்கள். "நாங்க ரோட்டுக்கு வரல, ரோடுதான் எங்க ஊருக்குள்ள வந்துச்சு" என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம். 2024 ஆகஸ்டில் அங்கேயே நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. கடை கிடைத்தது நல்ல விஷயம்தான். ஆனால் சொந்தக் கரையில் இடம் கேட்டு இவ்வளவு போராட வேண்டியிருந்ததே, அதுதான் உறுத்துகிறது.

கப்பலேறி வந்து சுமார் ஐந்நூறு வருஷமே ஆன மிளகாயை 'பரம்பரை' என்கிறோம். அதில் தப்பே இல்லை, வந்ததை நமதாக்கிக்கொள்வது நல்ல குணம்தான். ஆனால் மிளகாய்க்கு முன்னாலிருந்தே இந்தக் கரையில் வலை வீசியவர்களை 'ஆக்கிரமிப்பு' என்கிறோமே, இந்தக் கணக்கு மட்டும் எனக்கு டேலி ஆகவே மாட்டேன் என்கிறது.

அடுத்த ஞாயிறு ஒரு தடவை மிளகாய்த்தூளை விட்டுவிட்டு, மிளகை இடித்துப் போட்டு வறுத்துப் பாருங்கள். நிறம் வராது, கருப்பாகத்தான் இருக்கும். முதல் வாய் கொஞ்சம் புதுசாகத் தெரியும். உண்மையில் அதுதான் பழசு. மீனை மட்டும் குப்பத்திலேயே வாங்குங்கள்.